வயிற்றில் ஒரு வடு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

முன்னுரை

தழும்பைப் பெருமையாகப் போற்றியவன் தமிழன். மார்பில் பட்ட புண்ணை 'விழுப்புண்' என்று கொண்டாடினான். முதுகில் பட்ட புண்ணைப் 'புறப்புண்' என்று நாணினான். வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பை ஊடுருவி முதுகிலும் புண் செய்துவிட்டது என்பதற்காகவே சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்நீத்தான் என்று படிக்கிறோம். விசயாலய சோழனின் மேனியில் தொண்ணூற்றாறு தழும்புகள் அணிகலன்களாக விளங்கின என்று ஒட்டக்கூத்தரின் உலா நூல் பாடுகிறது. வள்ளுவரும் தீயால் வந்த புண்ணையும் நாவால் வந்த வடுவையும் ஒப்பிட்டு, எது ஆறும், எது ஆறாது என்று அறம் உரைத்தார்.

ஆனால் பெண்ணின் வயிற்றில் உள்ள தழும்பை எந்தப் புலவரும் பாடியதாக நான் படித்ததில்லை. இன்று நம் மாவட்டத்தில் அத்தழும்பு இல்லாத தாய்மார்கள் குறைந்து வருகிறார்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நிகழும் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 அறுவைச் சிகிச்சையால் நிகழ்பவை. இந்தியா முழுமைக்கும் அது 21.5 தான். இத்துடன் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையையும், கருப்பை நீக்கத்தையும், குடல்வால் அறுவையையும் சேர்த்தால் வயிற்றுத் தழும்பு என்பது நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணமான ஒன்று என்பது விளங்கும்.

இப்போது அதனுடன் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அழகுக்காகச் செய்து கொள்ளும் வயிற்று அறுவை அது. விழுப்புரம் கடைவீதியில் ஒரு நாள் என் தாயாருடன் சென்றபோது, தொங்கும் வயிற்றைத் தட்டையாக்கித் தருவதாகக் கூறும் விளம்பரப் பலகை ஒன்றைக் கண்டோம். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நின்று படித்துவிட்டு, "ஏம்மா, வயித்தைக் கிழிச்சு தச்சா அதுலயும் தழும்பு வருமில்ல?" என்று கேட்டார். "வரும்மா" என்றேன். "பின்ன எதுக்குத் தழும்பே இருக்காதுன்னு போட்டிருக்கான்?" என்றார். அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

தோலின் அமைப்பு

தோல் என்பது வெறும் போர்வை அன்று. அது ஓர் உறுப்பு. நம் ஆய்வுக்கூடத்தில் பாலூட்டியின் தோல் குறுக்குவெட்டு வில்லையை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மேலே மெல்லிய மேல்தோல் இருக்கிறது. அதன் கீழே தடித்த அடித்தோல் இருக்கிறது. அதற்கும் கீழே கொழுப்பு அடுக்கு. மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள், நரம்பு முனைகள், நுண்ணிய இரத்தக் குழாய்கள் யாவும் அடித்தோலில் பதிந்திருக்கின்றன.

மேல்தோலுக்கு மட்டும் சிராய்ப்பு நேர்ந்தால் தழும்பு ஏற்படாது. அங்குள்ள உயிரணுக்கள் பெருகி, பழையபடியே மூடிவிடும். காயம் அடித்தோலின் ஆழத்தை எட்டும்போதுதான் தழும்பு பிறக்கிறது. அறுவைக் கத்தி எப்போதும் அடித்தோலைத் தாண்டியே செல்கிறது. ஆகவே, தழும்பில்லாத வயிற்று அறுவை என்று ஒன்று உலகில் இல்லை. தெரியும் தழும்பு, தெரியாத தழும்பு என்ற வேறுபாடு மட்டுமே உண்டு. என் தாயாரின் கேள்விக்கு முதல் விடை இதுவே.

புண் ஆறும் விதம்

புண் ஆறுவது ஒரே நாளில் நிகழும் செயல் அன்று. அது நான்கு கட்டங்களாக நடைபெறுகிறது.

முதற்கட்டம் சில நிமிடங்களில் முடிவது. வெட்டுண்ட இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தட்டணுக்கள் ஒன்று திரள்கின்றன. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலையாகப் பின்னி இரத்தத்தை உறையச் செய்கின்றன.

இரண்டாம் கட்டம் அழற்சி. வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில்கள் முதலில் வந்து கிருமிகளை எதிர்க்கின்றன. இரண்டு மூன்று நாட்களில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கணுக்கள் வந்து அழிந்த திசுக்களை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. புண்ணைச் சுற்றிச் சிவப்பதும், வெதுவெதுப்பாவதும், வீங்குவதும் இந்நாட்களில்தான்.

மூன்றாம் கட்டம் வளர்ச்சி. ஏறத்தாழ நான்காம் நாள் முதல் மூன்றாம் வாரம் வரை இது ஓங்கி நிற்கும். ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் புண்ணுக்குள் குடியேறிக் கொலாஜன் என்ற புரதத்தை உற்பத்தி செய்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. இவ்வுயிரணுக்களில் சில தசைபோலச் சுருங்கும் ஆற்றல் பெற்று, புண்ணின் விளிம்புகளை உள்நோக்கி இழுக்கின்றன.

நான்காம் கட்டம் சீரமைப்பு. இது ஓராண்டு வரையிலும் அதற்கு மேலும் நீடிக்கும். அவசரமாகப் போடப்பட்ட மூன்றாம் வகைக் கொலாஜன் நீங்கி, உறுதியான முதல் வகைக் கொலாஜன் அவ்விடத்தைப் பிடிக்கிறது. சிவந்து, தடித்து, அரித்துக் கொண்டிருந்த தழும்பு மெல்ல வெளுத்துத் தட்டையாகிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயல்பான தோலில் கொலாஜன் இழைகள் கோரைப்பாய் பின்னியதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். தழும்பில் அவை வைக்கோலை அடுக்கிக் கட்டிய கட்டுபோல ஒரே திசையில் கிடக்கும். பொருள் ஒன்றே, பின்னல் வேறு. தழும்பில் மயிர்க்கால் இல்லை. வியர்வைச் சுரப்பியும் இல்லை. எனவே தழும்பு என்பது பழைய தோல் அன்று; கிழிந்த இடத்தில் போட்ட ஒட்டு.

கொலாஜனும் சென்னையும்

நம் உடலில் உள்ள புரதம் அனைத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜனே ஆகும். தோல், எலும்பு, தசைநாண் அனைத்துக்கும் அதுவே ஆதாரம். இப்புரதத்தின் வடிவத்தை உலகுக்குச் சொன்னது நம் சென்னை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக 1952இல் பொறுப்பேற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். அவரும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக் கொண்ட மும்முறுக்கு வடிவம் உடையது என்று 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 1955இல் அதனை மேலும் திருத்திச் செப்பம் செய்தார்கள். கயிறு திரிப்பவர் மூன்று புரிகளை முறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இவ்வடிவம் எளிதில் விளங்கும். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின் ஆகும். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். முறுக்கின் நடுவே உள்ள நெருக்கடியான இடத்தில் வேறு எதற்கும் இடமில்லை.

சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள அரங்கம் ஒன்று இன்றும் 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்', அதாவது மும்முறுக்கு என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. மாட்டுத் தோலைப் பதனிடுவதும் மனிதத் தோலின் புண்ணை ஆற்றுவதும் ஒரே புரதத்தைப் பற்றிய இரு கல்விகள் என்பதற்கு அப்பெயர் சான்றாகும்.

வெட்டின் திசை

எல்லாத் தழும்பும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஒரே வயிற்றில் குறுக்காக வெட்டிய தழும்பு மெல்லிய கோடாக மங்குவதும், நெடுக்காக வெட்டிய தழும்பு அகன்று தெரிவதும் உண்டு. இதற்குக் காரணம் தோலின் இழுவிசை.

வியன்னா நகர உடற்கூற்றியல் அறிஞர் கார்ல் லாங்கர் 1861இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இறந்தோர் உடலின் தோலில் வட்டமான ஊசியால் குத்தினார். துளை வட்டமாக நில்லாமல் நீள்வட்டமாக விரிந்தது. அந்நீள்வட்டங்களை வரிசையாக இணைத்தபோது உடலெங்கும் கோடுகள் கிடைத்தன. அவையே 'லாங்கர் கோடுகள்'. வயிற்றில் அக்கோடுகள் பெரும்பாலும் குறுக்காகவே செல்கின்றன. துணியைக் கிழிக்கும்போது இழை ஓடும் திசையில் கிழித்தால் ஓரம் நேராக வருவதும், குறுக்கே கிழித்தால் பிசிறு தட்டுவதும் தையற்காரர் அறிந்ததுதானே.

1900ஆம் ஆண்டில் ஃபானென்ஸ்டீல் என்ற ஜெர்மானிய மருத்துவர் அடிவயிற்றில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். இன்று பெரும்பாலான பிரசவ அறுவைகள் அம்முறையையும் அதன் வழிவந்த முறைகளையும் தழுவியே செய்யப்படுகின்றன. தழும்பு சேலைக் கட்டுக்குள் மறைகிறது; வலியும் குறைவு; பிற்காலத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் நெடுக்கு வெட்டைவிடக் குறைவு.

அழகுக்கான வயிற்று அறுவை

அழகு அறுவை என்பது மேனாட்டார் கண்டுபிடித்த ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. வெட்டுண்ட மூக்கை நெற்றித் தோலால் மீண்டும் அமைக்கும் முறை இந்தியாவிலிருந்தே மேற்கே சென்றது. பூனா அருகே செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் செய்த இத்தகைய அறுவையைப் பற்றிய செய்தி 1794இல் இலண்டன் இதழ் ஒன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதைப் படித்த ஆங்கில மருத்துவர் கார்ப்யூ 1814இல் இலண்டனில் அம்முறையைச் செய்து பார்த்தார். 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்ற பெயரிலுள்ள பிளாஸ்டிக் என்பதற்கும் நெகிழிக் குடத்திற்கும் தொடர்பில்லை. வனைதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. மருத்துவர் இங்கே குயவர்.

வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் குறுக்காக வெட்டி நீக்கும் அறுவையை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி 1899இல் செய்தார். 1960களில் பிரேசில் நாட்டின் ஈவோ பிட்டாங்கி, வெட்டை மிகவும் கீழே இறக்கி, உள்ளாடைக்குள் தழும்பு மறையும்படி அமைத்துப் புகழ்பெற்றார். செல்வர்களுக்கு அறுவை செய்த அதே மருத்துவர், ரியோ டி ஜெனிரோவின் தரும மருத்துவமனையில் ஏழைகளுக்கும் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வறுவையில் ஓர் இடுப்பெலும்பு முதல் மறு இடுப்பெலும்பு வரை நீளமாக வெட்டுகிறார்கள். தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை பிரித்து உயர்த்துகிறார்கள். மகப்பேற்றினால் நடுவில் விலகிப்போன இரு வயிற்றுத் தசைகளையும் நெருக்கித் தைக்கிறார்கள். மிகுதியான தோலை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் கீழே இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புதிய துளை அமைக்கிறார்கள். ஆகவே இதில் இரு தழும்புகள்: ஒன்று நீளமானது, மற்றொன்று தொப்புளைச் சுற்றியது. பிரசவ அறுவையின் தழும்பைவிட இத்தழும்பு பன்மடங்கு நீளமானது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

மேலும், இழுத்துத் தைப்பதால் தழும்பின்மீது இழுவிசை மிகுதி. இழுவிசை மிகுந்தால் தழும்பு அகலும் அல்லது தடிக்கும். எனவேதான் திறமையுள்ள மருத்துவர்கள் மேல்தோலின் தையலில் பாரத்தை ஏற்றாமல், ஆழத்தில் உள்ள உறைப் படலத்தில் ஏற்றித் தைக்கிறார்கள். புகைபிடிப்போருக்கு நுண்குழாய்கள் சுருங்கி, இழுத்துத் தைத்த தோலின் விளிம்பு கருகிப்போகும் அபாயம் உண்டு. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புண் ஆறுவது தாமதமாகும். தோலுக்கடியில் நீர் கோத்துக் கொள்வதும் இவ்வறுவையில் அடிக்கடி காணும் தொல்லை.

இது உடல் எடையைக் குறைக்கும் வைத்தியமும் அன்று. மகப்பேற்று வரிகள் என்று நாம் சொல்லும் வெண்கோடுகளும் அடித்தோல் கிழிந்ததால் வந்த தழும்புகளே. வெட்டி நீக்கும் தோலில் உள்ள வரிகள் அத்தோலுடன் போகும். மேல்வயிற்றில் உள்ளவை அப்படியே இருக்கும். களிம்பு பூசி அவற்றை அழிக்க இயலாது.

இவ்வறுவையை விரும்புவோரை இழிவாகப் பேசுவது என் நோக்கம் அன்று. தொங்கும் தோல் மடிப்பின் கீழ் வியர்வை தேங்கிப் புண்ணாகி அல்லலுறும் தாய்மார்கள் உண்டு. 2018இல் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு அறுவைகள் இலவசமாகத் தொடங்கப்பட்டபோது, வரிப்பணத்தில் அழகுச் சிகிச்சையா என்று சிலர் கேட்டார்கள். உடலைப் பற்றிய மன வருத்தம் பணம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதா என்று வேறு சிலர் திருப்பிக் கேட்டார்கள். இரண்டாவது கேள்வியில் நியாயம் உண்டு என்பது என் கருத்து.

தடித்த தழும்பும் கீலாய்டும்

தழும்பு சிலருக்கு அளவு மீறி வளர்கிறது. இதில் இரு வகை உண்டு. தடித்த தழும்பு என்பது சில வாரங்களில் தோன்றும். சிவந்து மேலெழும்பி அரிக்கும். ஆனால் வெட்டிய எல்லையைத் தாண்டாது. நாளடைவில் தானே அடங்கவும் கூடும். கீலாய்டு என்பது எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் படரும். பல மாதங்கள் கழித்தும் தோன்றும், தானே அடங்காது, வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, பழையதைவிடப் பெரிதாக முளைப்பதும் உண்டு. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. மார்பின் நடு, தோள், காது மடல் ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். காது குத்திய இடத்தில் உருண்டையாகச் சதை வளர்ந்தவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்போம். வயிற்றில் பெரும்பாலும் காண்பது முதல் வகையே.

வெள்ளையரைவிடக் கறுத்த மேனியருக்குக் கீலாய்டு வரும் வாய்ப்பு அதிகம். குடும்ப வழியாகவும் வரும். ஆகவே முன்பே கீலாய்டு உள்ளவர்கள் அழகுக்காக வயிற்றை வெட்டிக் கொள்ளும் முன் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அழகு தேடிச் சென்று அழகை இழக்கலாகாது.

தழும்பைக் குறைக்கும் வழிகள்

தழும்பை நீக்க இயலாது. மங்கச் செய்ய இயலும். புண் முழுவதும் மூடிய பின் சிலிக்கோன் தகடு அல்லது களிம்பைப் பல வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்துவதும், ஒட்டு நாடாவால் இழுவிசையைக் குறைப்பதும் மருத்துவர்கள் கூறும் எளிய வழிகள். தடித்து வளர்ந்தால் டிரையாம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே ஊசியால் செலுத்துவர். அழுத்த உடைகளும் லேசர் ஒளியும் உதவும். புதிய தழும்பை வெயில் கருக்கும். எனவே மறைத்து வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலானது பொறுமை. ஓராண்டு முடியும் முன் ஒரு தழும்பைப் பார்த்து, இது இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டலாகாது.

இயற்கையில் தழும்பில்லாமல் ஆறும் உயிர்கள் உண்டு. பல்லி வால் முளைப்பதை அறிவோம். ஆப்பிரிக்க முள்ளெலி கிழிந்த தோலை மயிர்க்கால்களுடன் புதிதாக வளர்த்துக் கொள்கிறது என்று 2012இல் கண்டறிந்தார்கள். தாயின் வயிற்றில் உள்ள மனிதக் கருவின் தோலும் முதல் சில மாதங்களில் தழும்பின்றி ஆறும். பிறக்கும் முன்பே அவ்வாற்றலை நாம் இழந்து விடுகிறோம். அதை மீட்கும் வழியைத் தேடுவது விலங்கியல் மாணவர்களாகிய நமக்கும் காத்திருக்கும் பணி.

பத்தியம் என்னும் பகை

அறுவை செய்தவர்களுக்குப் பருப்புக் கொடுத்தால் சீழ் கோக்கும், முட்டை ஆகாது, புளிப்புப் பழம் ஆகாது என்று நம் ஊர்களில் பத்தியம் வைக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அறிவியலுக்கு மாறானது. சீழ் கிருமியால் வருவது, பருப்பால் அன்று. புண்ணை மூடும் கொலாஜன் ஒரு புரதம். புரதத்தைத் தடுத்துவிட்டுப் புண் ஆறவில்லையே என்று வருந்துவது, செங்கல் கொடுக்காமல் சுவர் எழவில்லையே என்று கொத்தனாரைக் கடிந்து கொள்வது போன்றது.

புளிப்பைத் தடுப்பதும் அப்படியே. வைட்டமின் சி இல்லாமல் கொலாஜனின் மும்முறுக்கு உறுதி பெறாது. இதைத் தன் உடலிலேயே சோதித்தார் ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க இளம் அறுவை மருத்துவர். 1939இல் வைட்டமின் சி அறவே இல்லாத உணவை உண்ணத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்து அவர் முதுகில் செய்த வெட்டு நன்றாக ஆறியது. ஆறு மாதம் கழித்துச் செய்த வெட்டு மேலே மூடியும் உள்ளே ஆறவில்லை. வைட்டமின் சி கொடுத்த பின்பே ஆறிற்று.

இதற்காக விலை உயர்ந்த மாவுப் பெட்டிகளை வாங்க வேண்டியதில்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி மிகுந்தவை. நிலக்கடலையில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. உழவர்கள் 'டி.எம்.வி.' என்று சொல்லி விதைக்கும் கடலை இரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனமே. அவை இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. நம் மண்ணில் விளைவதை விற்றுவிட்டு நாம் பத்தியம் இருக்கிறோம்.

ஓய்வு என்னும் மருந்து

இக்கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுவே. தையல் பிரித்ததும் புண் ஆறிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். வயிற்றுத் தையலை ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் பிரித்து விடுவார்கள். விலங்குகளின் தோலில் செய்த சோதனைகளின்படி, முதல் வாரத்தின் முடிவில் வெட்டிய இடத்தின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மூன்றாம் வாரத்தில் ஏறத்தாழ 20. மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80. அதன் பின் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் நூறு ஆவதில்லை. வயிற்றுச் சுவரின் உறைப் படலமும் இவ்வாறே மெல்ல மெல்லத்தான் வலுப்பெறுகிறது. ஆகவேதான் அழகுக்காக வயிற்று அறுவை செய்து கொள்பவருக்கு ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். அவரும் அவ்வாறே ஓய்வு கொள்கிறார்.

என் தம்பி பிறந்தபோது என் தாயாருக்கு நெடுக்கு வெட்டாக அறுவை நடந்தது. நல்லபடியாகத் தையல் பிரித்து வீடு திரும்பினார். நடவு காலம் அது. இருபத்தைந்தாம் நாள் கழனியில் இறங்கினார். குனிந்து நட வேண்டும். நாற்றுக் கட்டைச் சுமக்க வேண்டும். யாரும் அவரை அடித்து அனுப்பவில்லை. கூலி போனால் வீட்டில் உலை வைக்க இயலாது என்பதே காரணம். ஓராண்டு கழித்து அத்தழும்பின் நடுவே வீக்கம் கண்டது, குடலிறக்கம் என்றார்கள். மீண்டும் அறுவை. குடலிறக்கத்திற்குக் கிருமித் தொற்று, இருமல், இரத்தச்சோகை எனப் பல காரணங்கள் உண்டு. உழைப்பு ஒன்றே காரணம் என்று நான் அறுதியிடவில்லை. ஆனால் இருபத்தைந்தாம் நாளில் அவர் வயிற்றுச் சுவரில் இருந்த வலிமை எவ்வளவு என்பதை இன்று படித்து அறியும்போது, அன்று அதைச் சொல்ல எங்கள் வீட்டில் படித்தவர் ஒருவர் இல்லையே என்று தோன்றுகிறது. சொல்லியிருந்தாலும் அவர் இருந்திருப்பாரா என்பது அடுத்த கேள்வி.

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு அளித்தது. தமிழக அரசு 2021இல் தன் ஊழியர்களுக்கு அதனை 12 மாதமாக உயர்த்தியது. வரவேற்க வேண்டியவையே. ஆனால் கழனியில் கூலிக்கு நாற்று நடும் பெண் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. ஏழைத் தாய்மார்களுக்கு 1987இல் தொடங்கப்பட்ட மகப்பேறு உதவித் திட்டம் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரில் நடைபெறுகிறது. அத்தொகையை மருந்துச் செலவாக மட்டும் கருதாமல், அந்த ஆறு வாரக் கூலியாகக் கருதி, தாயின் ஓய்வுக்கே வீட்டார் செலவிட வேண்டும். கொலாஜனுக்கு ஏழை பணக்காரர் தெரியாது. விளம்பரப் பலகையைப் பார்த்து விரும்பிச் செல்பவரின் வயிற்றிலும், கழனிக்கு இறங்குபவரின் வயிற்றிலும் அது ஒரே வேகத்தில்தான் முறுக்கிக் கொள்கிறது. காத்திருக்க ஒருவரால் முடிகிறது; மற்றவரால் முடிவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துச் சொல்வேன். அடித்தோலைத் தாண்டிய வெட்டு எதுவும் தழும்பின்றி ஆறாது. தழும்பே இராது என்று சொல்பவரை நம்பலாகாது. வெட்டின் திசையும், தையலின் இழுவிசையும், பிறவி இயல்பும் தழும்பின் வடிவத்தை முடிவு செய்கின்றன. புரதமும் வைட்டமின் சியும் புண்ணுக்கு மருந்து, பத்தியம் பகை. தையல் பிரித்த நாள் புண் ஆறிய நாள் அன்று.

அன்பு மாணவ நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ நம் உறவினர் ஒருவர் அறுவை முடிந்து படுத்திருக்கும்போது, கையில் கொடுக்கும் சீட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு நம்மிடம்தான் வரும். அப்போது மாத்திரையின் பெயரை மட்டும் படிக்காமல், ஆறு வாரம் என்று எழுதியிருப்பதையும் உரக்கப் படிப்போம்.

இக்கட்டுரையை எழுதி முடித்து என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அடுத்த மாசம் உங்க சின்னம்மாவுக்கு ஆபரேசன்னு சொல்லியிருக்காங்க. அந்த பருப்பு, நெல்லிக்காய் சமாச்சாரத்தைப் போய் அவளுக்குச் சொல்லிட்டு வா. நடவுக்கு அவளுக்குப் பதிலா நான் போய்க்கிறேன்" என்றார்.